விசாலி கட்டிய இன்னொரு வளவு

திருமயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்த விசாலி, இரண்டு தொலைக்காட்சித் தொடர்களும் ஒரு சிறிய படமும் தயாரித்திருக்கிறார். புதுக்கோட்டையில் கல்லூரி முடித்துச் சென்னைக்குப் போனதும் கிடைத்த முதல் வேலை, நடிகர்களுக்குப் போன் செய்து மறுநாள் படப்பிடிப்பை நினைவூட்டுவது. அங்கிருந்து படிப்படியாகத் தயாரிப்பு நிர்வாகத்துக்கு வந்தார். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். எந்த நடிகை மதியம் மாத்திரை போட வேண்டும், எந்த ஜன்னலில் வெயில் எதுவரை நிற்கும் என்று தெரிந்தவரே தயாரிப்பாளர் என்பது விசாலியின் கட்சி.

சொந்தமாக முதல் தொடர் தொடங்கியபோது கதைக்கு ஒரு பெரிய வீடு வேண்டியிருந்தது. பிறந்த வீட்டையே கேட்டார். அது பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது; எல்லோரும் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். பங்காளிகளில் மூத்தவரான சொக்கு, விசாலிக்கு அண்ணன் முறை. அவரே எல்லோரிடமும் பேசி முடித்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

“கல்யாணம் எடு, காதுகுத்து எடு, சண்டைகூட எடு. நம்ம வளவுல பொய்க்குக்கூட ஒரு சாவு விழக்கூடாது ஆத்தா. தையில மதுமிதா கல்யாணம் இருக்கு.”

மதுமிதா அவருடைய மகள். வளவு என்பது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் பகுதி. அந்தக் குடும்பத்துக் கல்யாணமெல்லாம் அங்கேதான் நடக்கும்.

தொடர் நன்றாக ஓடியது. ஐப்பசி வாக்கில், ஷர்லி நடித்த மூத்த மருமகள் பாத்திரம் கதைப்படி சாக வேண்டி வந்தது. விசாலி வாக்கை மீறவில்லை. புதுக்கோட்டைக்கு வெளியே மூடிக்கிடந்த அரிசி ஆலையின் கிடங்கைப் பிடித்து, வளவின் ஒரு பக்கத்தை அப்படியே பலகையில் கட்ட வைத்தார். தூணின் நிறம் ஒட்டவில்லை என்று மறுபடி மறுபடி பூசச் சொன்னார். சாவுக் காட்சிக்கு முன்னால் உண்மையான வீட்டின் முகப்பு ஒரு கணம் வரும்படி கோத்தார். எங்கே எடுத்தோம் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வித்தையை வெளியே சொல்வது தொழிலில் வழக்கமில்லை. தவறு அங்கேதான்.

ஒளிபரப்பான மறுநாள் காலையில் சொக்கு அழைத்தார்.

“ஏ விசாலி, வளவுல பொணத்தைக் கெடத்திட்டியே! மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாக.”

“அண்ணே, அது செட்டு. கிடங்குல எடுத்தது.”

“எனக்கே காது குத்துறியா? மூணாந்தூண்ல நான் சின்னப் புள்ளையில போட்ட கீறல்கூடத் தெரியுது.”

“அதையும் பாத்துத்தான் வரைஞ்சோம்ணே.”

“போதும். நாளைக்கு வந்து ஒஞ்சாமானையெல்லாம் எடுத்துக்க.”

மீதிக் கதை முழுக்க அந்த வீட்டில்தான். வீடு போனால் தொடர் நின்றுவிடும். அதைவிட, பிறந்த வீட்டில் வாக்குத் தவறியவள் என்ற பேர் நிற்கும். செட்டைக் கூட்டிப்போய்க் காட்டலாமென்றால் பலகையைப் பிரித்துக் கிடங்கையும் ஒப்படைத்தாகிவிட்டது. படத்தில் அது செட்டு என்று தெரிகிற இடம் ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான் அத்தனை பாடுபட்டிருந்தார்.

“மேடம், ஷர்லி சிரிச்ச ஷாட்டு இருக்குல்ல?” என்றார் மேனேஜர் மலையாண்டி.

பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். நடித்தவருக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதற்காக எடுப்பது, படத்தில் வராது. அன்றைக்கு நேரமாகிவிட்டது, வேண்டாம் என்று விசாலி சொல்லியும், மலையாண்டி பூசணிக்காயும் கையுமாகக் குறுக்கே நின்று எடுக்க வைத்திருந்தார்.

எடிட்டரிடமிருந்து வாங்கிப் பார்த்தார்கள். நெற்றிக் காசோடு ஷர்லி எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். கால் மரத்துப்போய்த் தூணைப் பிடிக்கிறார். தூண் அவரோடு சேர்ந்து சாய்கிறது. பின்னால் ஆலையின் தகரச் சுவர்.

அனுப்பிய சற்று நேரத்தில் சொக்குவிடமிருந்து போன் வந்தது. முதலில் சிரிப்பை அடக்கும் சத்தம்தான் கேட்டது.

“ஏத்தா, எங்கீறலோட சேந்துல்ல விழுகுது!”

பங்காளிகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அவரே அதை அனுப்பினார். பிறகு மறுபடி கூப்பிட்டார். “இனிமே நம்ம முகப்பைக் காட்டிட்டு ஒப்பாரிக்குப் போகாத. அந்தப் பொண்ணையும் கல்யாணத்துக்குக் கூட்டியா. ஊர்ல பாதிப் பேரு அழுதுருக்காக. உசுரோட பாக்கட்டும்.”

விசாலி இன்றும் பேட்டி எதுவானாலும் மலையாண்டியின் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை. “நான் வேணாம்னு சொன்ன ஷாட்டுதாங்க என் தொழிலைக் காப்பாத்துச்சு” என்பார்.

தையில் கல்யாணம் நடந்தது. ஷர்லி வந்திருந்தார். பந்தியில் அவருடைய இலைக்கு மட்டும் வருகிறவர்களெல்லாம் ஏதாவது வைத்துவிட்டுப் போனார்கள். போதும் போதும் என்று அவர் கையைக் குறுக்கே வைத்தும் சொக்குவின் மனைவி ஆவுடையாள் விடவில்லை.

“நல்லாச் சாப்பிடுங்க. செத்துக் கெடந்தப்ப ரொம்ப எளச்சுத் தெரிஞ்சீக.”