ரங்கூன் குழந்தைக்கு ஆலுவாப் பால்

போன வாரம் மாடி வீட்டுத் தம்பதி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டுக் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க அலைகிறார்கள், பாவம். விசாரணைக்கு வந்த ஆபீஸர் ஃபிரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தாராம். நல்ல அப்பா அம்மா ஃபிரிட்ஜுக்குள்ளா இருப்பார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு அழுதாள்.

அறுபதுகளில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு குழந்தை கடல் கடந்து வந்தது. அப்போது ஆபீஸரும் கிடையாது, ஃபிரிட்ஜும் கிடையாது. அதனால் தடை இல்லாமல் போய்விடுமா?

என் அண்ணனுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கடை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். அண்ணனின் சிநேகிதர் ஒருவர் ரங்கூன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார் — கையில் ஒரு பர்மியப் பெண் குழந்தையோடு. பக்கத்து வீட்டுக்காரி பெற்றது. அவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். குழந்தையைத் தேடி வர யாருமில்லை. சிநேகிதரோ தனிக்கட்டை. மதினி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். சபியா என்று பெயரும் வைத்தாயிற்று.

எங்கள் மார்க்கத்தில் ஒரு விஷயம் உண்டு. ஆதரவில்லாத குழந்தையை வளர்ப்பது பெரிய நன்மை. ஆனால் வளர்த்ததால் மட்டும் ரத்த உறவாகிவிடாது. பெண் பிள்ளை வயசுக்கு வந்தால், வளர்த்த தகப்பனே அவளுக்கு அந்நிய ஆண்; அவன் முன்னால் வரக்கூடாது. இதற்கு ஒரே வழி — பால். குடும்பத்துப் பெண் ஒருத்தி பால் கொடுத்தால் உறவு உண்டாகிவிடும்.

மதினிக்கு இது தெரியும். சுள்ளிக்கல்லில் இருந்த தன் தங்கையை வரவழைத்து, பால் கொடுக்க வைத்து, தெருவுக்கே அல்வா கொடுத்துவிட்டாள்.

அல்வா தின்ற பள்ளிவாசல் உஸ்தாத்தான் மெதுவாகச் சொன்னார். மனைவியின் தங்கை கொடுத்த பாலால் குழந்தை மனைவிக்குத்தான் சொந்தம், புருஷனுக்கு இல்லை. அவனுக்குச் சொந்தமாக வேண்டுமென்றால் அவன் கூடப்பிறந்தவள் கொடுத்திருக்க வேண்டும். பால் கொடுத்த பக்கம் மாறிப்போய்விட்டது!

அண்ணனுக்கு ஒரே தங்கை. ஆலுவாவில், மடியில் கைக்குழந்தையோடு. அது நான்தான்.

சிக்கல் என்னவென்றால், எனக்கும் மதினிக்கும் பேச்சு இல்லை. என் மகன் பிறந்து மாதங்கள் ஆகியும் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் வந்தது... அண்ணன் மனைவி வரவில்லை. எனக்கு ரோஷம் வராதா?

அந்த மதினிதான் படகிலும் பஸ்ஸிலுமாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். சாயா கொடுத்தேன், தொடவில்லை. இப்போதுதான் இந்த வீட்டுக்கு வழி தெரிந்ததா என்று கேட்டேன்.

"வரணும்னுதான் இருந்திச்சு, ஸுபைதா. பிள்ளை இல்லாதவ கண்ணு பட்டுடும், வர வேண்டாம்னு உன் மாமியார் ஆள் விட்டுச் சொன்னாங்க. நான் என்ன செய்ய?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது — மாமியார் அங்கேதான் இருந்தார்.

"இவ பெரியவளானா எங்க வீட்டுல வச்சிக்க முடியாது, வேற இடத்துக்கு அனுப்பணும்னு இப்பவே பேசுறாங்க. என்னால முடியாது, ஸுபைதா. பால் கொடுப்பியா?"

கேட்க வேண்டிய கேள்வியா இது? வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். சபியா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

சொந்தம் எப்படியெல்லாம் தலைகீழாகிறது பாருங்கள். அண்ணன் மகள் என்றால் என் மகனுக்கு முறைப்பெண். என் பாலைக் குடித்ததும் தங்கச்சி! அண்ணன் அவளுக்குத் தாய்மாமன் — ஆனால் பேச்சு வந்ததும் அவள் கூப்பிட்டதென்னவோ, பெற்ற அப்பாவைக் கூப்பிடுவதுபோல 'அத்தா' என்றுதான். ரத்தம், ரத்தம் என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறோமே... அதில் பாதி, யாரோ ஒருத்தி மடியில் போட்டுக்கொண்டதால் வந்ததுதான்.

சபியா குடித்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் என் மகன் வீறிட்டான். எனக்குக் கை ஒழியவில்லை. மதினி பதறி எழுந்தாள்... அடுப்படிப் பக்கம் பார்த்தாள்... கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எடுங்க, மதினி."

எடுத்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டான். மதினிதான் நிறுத்தவில்லை.