அடியில் கிடந்த முதல் அத்தியாயம்

‘வாய்ப்பூட்டு’ என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது, அவள் மருமகளாக வந்த வாரத்தில். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாளே என்று நாத்தனார் வைத்த பெயர். சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் அவளுக்கு வேலை. அப்படிப்பட்டவள் ஒரு நாவலையே எழுதி முடித்திருக்கிறாள் என்றதும் வீடே வாயடைத்துப்போனது.

பதிப்பகம் நடத்தும் ஒரு அம்மா, “கொண்டு வாங்க. படிச்சுட்டு உக்காந்து பேசலாம்” என்றாள். பேசலாம் என்றதுமே இவள் பின்வாங்கினாள். ஏன் இப்படி எழுதினாய் என்று முன்பின் தெரியாதவள் கேட்டால் என்னத்தைச் சொல்வது?

“அவங்க எதுக்கு? நேரா அச்சகத்துல குடுத்துடலாம். புத்தகம்னா புத்தகம்தானே” என்றான் புருஷன்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அத்தியாயம் அத்தியாயமாகப் பின்குத்தி, அடுக்கி, துணி நாடாவால் கட்டிக் கொடுத்தாள். அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை பார்க்கிறீர்களா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். கூச்சத்தில் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள்.

புத்தகம் வந்ததும் நாத்தனார்தான் முதலில் பிரித்தாள்.

“ஏன்டி, முதல் பக்கத்துலயே கதாநாயகி செத்துக் கிடக்குறா. இனிமே நான் யாருக்காகப் படிக்கிறது?”

அவள் வாங்கிக் கடைசிவரை புரட்டினாள். சாவு முதலில் இருந்தது, பிறப்பு கடைசியில். வெட்டும் மேசையில் முதலில் விரிக்கிற துணி அடியில்தான் கிடக்கும், அடுத்தது அதன்மேல். கைப்பழக்கத்தில் கதையையும் அப்படியே அடுக்கியிருக்கிறாள். எண் போடவும் தோன்றவில்லை. புருஷனைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள்.

“மேல இருந்ததுதானேம்மா முதல்ல வரும்? நாங்க அச்சடிக்கிறவங்க. கதை கேக்குற வேலை எங்களுக்கில்ல” என்றார் அச்சகத்துக்காரர்.

“இத்தனை பேரு கை பட்டிருக்கு. ஒருத்தர்கூடவா படிக்கல?”

அவள் வாயிலிருந்து இவ்வளவு வந்ததில் பக்கத்தில் நின்ற புருஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் அவளே பதிப்பகத்துக்குப் போய்ப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். அந்தம்மா கொஞ்சம் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“செத்தவ அடுத்த அத்தியாயத்துல அடுப்பு மூட்டுறாளே, எப்படி?”

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவள், அலுவலகம் மூடும்வரை பேசினாள்.

இப்போதும் அவள் அதே தொழிற்சாலையில்தான் துணி வெட்டுகிறாள். தலைகீழாக அச்சான பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. சரியானது பதிப்பகத்தில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.