மல்லாபூரில் ஒருவர் மாட்ட மாட்டேன் என்றார்

இரண்டு மாதம் முன்பு நாங்கள் ஒரு கேம்பர் டிரெய்லர் வாங்கினோம். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற குட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஆபீஸ் நண்பர் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

லீவுக்கு ஸ்ரீசைலம் என்று திட்டம். நான், மனைவி கவிதா, பத்து வயது மகள் யாழினி. எல்லாம் தயார் — காரின் பின்னால் இழுவைக் கொக்கி மட்டும் பொருத்த வேண்டும்.

அதற்குத்தான் மல்லாபூரில் எஸ்தரிடம் போனோம். மூன்று தலைமுறையாக இந்தத் தெலுங்கு ஊரிலேயே இருக்கும் ரயில்வே பட்டறைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். டிரெய்லர் செய்யும் ஷெட் நடத்துகிறார்.

டிரெய்லரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என் காரைப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு இது நக்கோ சார், வேண்டாம். நான் மாட்ட மாட்டேன்."

"ஏன்? எழுநூறு கிலோதானே? பேப்பர்லயே இருக்கு."

"அது காலி எடை. தண்ணி, கேஸ், சாமான் எல்லாம் ஏத்தினா? உங்க கார் எவ்வளவு இழுக்கும்னு மேனுவல்ல பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்? ப்ளூடூத்தில் பாட்டுப் போடுவது எப்படி என்ற பக்கத்தைத் தாண்டி நான் போனதே இல்லை. ஆனால், பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவன் அதை ஒப்புக்கொள்வானா? போன் பேசுகிற சாக்கில் வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே கவிதாதான் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வேறு கடை கிடைத்தது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். சர்வீஸ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்…

ஞாயிறு காலை வெள்ளோட்டம். பயணத்துக்கான சாமான் முழுவதையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, லோத்குண்டா வீட்டிலிருந்து கிளம்பி மேட்சல் நெடுஞ்சாலையில் ஏறினோம். கவிதாவுக்கு இஷ்டமே இல்லை. என்னைத் தனியாக அனுப்பவும் மனமில்லை. யாழினி பின் சீட்டில்.

ஐம்பதில் நன்றாகத்தான் போனது. எழுபதைத் தொட்டபோது ஒரு லாரி எங்களைக் கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஆடியது. ஆடியது நிற்கவில்லை. இடது, வலது, இன்னும் இடது… காரின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன் — இன்னும் மோசம். கால் பிரேக்குக்குப் போனது.

"பிரேக் போடாதீங்க," என்றாள் கவிதா. சத்தமாகக்கூட இல்லை. "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

சொன்னபடி செய்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. ஓரமாக நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து என் கை வரவில்லை.

"நான்னா, ஏமைந்தி?" என்றாள் யாழினி. பயந்துவிட்டால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"நீங்க கோவிச்சுட்டு வெளிய நின்னீங்கல்ல, அப்ப அந்தக்கா சொன்னாங்க. 'சார் எப்படியும் வேற எங்கயாச்சும் மாட்டிக்குவாரு, நீயாவது தெரிஞ்சு வச்சுக்கோம்மா'ன்னு."

கவிதாதான் அவருக்கு போன் செய்தாள். எஸ்தர் சர்ச்சிலிருந்து நேராக வந்தார், தன் பெரிய டீசல் வண்டியோடு. 'அப்பவே சொன்னேனே' என்ற வாக்கியத்துக்கு நான் தயாராக நின்றிருந்தேன். அது வரவில்லை. பின் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவும் கூட இருந்துச்சா?"

தலையாட்டினேன். எஸ்தர் உடனே டிரெய்லரை என் காரிலிருந்து கழற்றத் தொடங்கினார்.

டிரெய்லரைத் தன் வண்டியில் கோத்துக்கொண்டு போவன்பள்ளி மார்க்கெட் பக்கம் லாரிகளை எடை போடும் இடத்துக்குப் போனார். கழற்றித் தனியாக நிறுத்தினோம். ஆயிரத்து நூறு கிலோ. அங்கேயே நின்று மேனுவலைப் படித்தேன். என் கார் இழுக்கலாம் என்று போட்டிருந்தது எண்ணூறு.

"எடை மட்டும் இல்ல சார். கனமான சாமானை எல்லாம் சக்கரத்துக்குப் பின்னாடி அடுக்கியிருக்கீங்க. மூக்குல, கொக்கி மேல, பாரமே இல்ல. அப்புறம் வால் ஆடாம என்ன செய்யும்?"

அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியை முன்னால் நகர்த்தினார். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் வைத்தார். என் மச்சானின் பெரிய டீசல் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மேனுவலைத் தானே படித்துப் பார்த்த பிறகுதான் கொக்கியைத் தொட்டார்.

ஒரு விஷயம் யோசித்தீர்களா? 'சரி' என்று சொல்வதில் கடைக்காரருக்கு ஒரு சிரமமும் கிடையாது. 'மாட்டேன்' என்று சொல்லத்தான் நம்மைப் பற்றி ஒரு நிமிஷமாவது கவலைப்பட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தால்தான் என் குடும்பம் இன்று முழுசாக இருக்கிறது.

லீவுக்கு மச்சான் வண்டியில் ஸ்ரீசைலம் போனோம். காட்டு வழியில் எத்தனையோ லாரிகள் கடந்தன. டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வந்தது. போய்ச் சேர்ந்ததும், கவிதாவும் யாழினியும் டிரெய்லர் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தபடி எஸ்தருக்கு போன் செய்தேன். நன்றி சொல்ல இரண்டு மூன்று வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தை முடிக்கவே அவர் விடவில்லை.

"பரவால்ல சார்," என்றார் எஸ்தர். "மலை இறங்கறப்ப பிரேக்கை நம்பாம சின்ன கியர்லயே இறங்குங்க."