கழலையும் என் பாட்டும்

முதலில் பூ நழுவியது. அதுதான் நோயின் தொடக்கம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் கோவில்கள் பக்கம்பக்கமாக இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சரம் கட்டிக் கொடுப்பவள் நான். வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு மல்லிகை வைத்து முடிச்சுப் போட்டால், பூ வாடும், முடிச்சு அவிழாது. என் சரத்தைக் குறை சொன்ன பூசாரி இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட விரலில் பூ நிற்கவில்லை. முடிச்சுப் போடும் முன்பே விரல் துடித்தது, பூ மடியில் விழுந்தது. நார் சரியில்லை என்று நாரைத் திட்டினேன்.

அது இந்த மலாய் நாட்டில் சுதந்திரக் கொடி ஏறிய வருஷம். ஊரே பரபரவென்று இருந்தது. எனக்கும் உறக்கம் போயிற்று. எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் எனக்குப் பாட்டும் வந்தது. அதற்கு முன்னும் கட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி பண்ண நாலு வரி, வளைகாப்புக்கு நாலு வரி. இது வேறு மாதிரி. அறுபதைத் தாண்டியபிறகு, அரிசி களையும்போதும் நார் கிழிக்கும்போதும் வரிக்கு மேல் வரியாக வந்தது. ஆற்றங்கரைக் கடைகளைப் பற்றி, கொடியேறிய அன்று செருப்பைத் தொலைத்தவரைப் பற்றி, அம்மனைப் பற்றி. எழுதி வைக்க எனக்குக் கை ஓடாது. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதனால் பாடிப் பாடியே மனத்தில் இருத்திக்கொண்டேன்.

மத்தியானத்தில் என் வீட்டுக்குப் பூக் கட்ட வரும் பெண்கள் அதைக் கேட்டார்கள். கேட்பதற்கென்றே இன்னும் சிலர் வந்தார்கள். ஒரு பூவைக்கூடத் தொடாமல் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகன் முருகேசன், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை, குடும்பமும் அங்கேதான். அந்த மத்தியானக் கூட்டம் கலைந்தால் என் வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. பாட்டு நின்றால் கூட்டமும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லாமலே கோவில் தலைவரிடம் போய், அம்மன் திருவிழாவில் ஒரு மாலைப்பொழுது முழுக்க என் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் எழுந்து போகவில்லை. கடைசியில் சரி என்றார்.

உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வயிறு நிறையச் சாப்பிட்டேன், ஆனாலும் ரவிக்கை தொளதொளத்தது. மழை பெய்யும்போதும் வியர்த்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு ஓடிவந்தவள் நெஞ்சு மாதிரி அடித்தது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி இருந்தால், வயசு என்றோ வெயில் என்றோ சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவள் தெய்வானை. பக்கத்துக் கம்போங் செட்டியில் (செட்டிகளின் குடியிருப்பு) இருக்கிறாள், என்னைவிடச் சற்று இளையவள், அவளும் கணவனை இழந்தவள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்தவர்கள். சாமியெல்லாம் நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். நானும் அவளும் மலாயில்தான் பேசுவோம், சண்டையும் மலாயில்தான். என்னைக் காக் என்பாள். அக்கா என்று அர்த்தம்.

“காக், உன் கழுத்தைக் கண்ணாடியில பார்த்தியா? இரை தின்ன கோழி மாதிரி இருக்கு. எதை முழுங்கி வெச்சிருக்கே?”

நான் அவள் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள் அவளே பெச்சா (ஆள் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி) பிடித்து, என்னை ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் காற்றில்லாமலே படபடத்தது. கழலை என்றார் (கழுத்தின் முன்புறம் குரல்வளையை ஒட்டி இருக்கும் சுரப்பி வீங்குவது. என்னுடையது வீங்கியதோடு அளவுக்கு மீறி வேலையும் செய்தது). உறக்கமில்லாதது, உட்கார முடியாதது, மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது, எல்லாம் இந்தச் சுரப்பியின் வேலை என்று விளக்கினார்.

“நெஞ்சு இப்பவே களைச்சுப்போச்சு அம்மா. இன்னும் வளந்தா மூச்சையும் அமத்தும். வெட்டி எடுக்கத்தான் வேணும்.”

“பாட முடியுமா?”

“குரலுக்குப் போற நரம்பு இதுக்குப் பின்னாலதான் ஓடுது. கவனமாத்தான் செய்வம். ஆனா சத்தியம் பண்ண மாட்டன்.”

குரலைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை. முன்னால் சொன்னதுதான் உள்ளே இறங்கிவிட்டது. மனம் தாவுவது சுரப்பியால் என்றால், என் பாட்டு? அதுவும் அந்த வீக்கம் போட்ட பாட்டுத்தானா? கத்தி வைத்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடுவார்களா? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் ஆமாம் என்றுவிடுவாரோ என்று பயம்.

கத்திக்கு முன் நெஞ்சை அடக்க வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு அயோடின் சொட்டு (சுரப்பியின் வேகத்தைக் குறைக்கும் மருந்து), பாலில் கலந்து குடிக்க வேண்டும், வாயெல்லாம் இரும்பு வாடை. அந்த நாட்களில் வந்த பெண்களிடம் எல்லாப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடினேன். அவர்கள் நல்லாயிருக்கு என்றார்கள். ஒருத்திக்கும் ஒரு பாட்டும் முழுதாக மனப்பாடமாகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகனுக்குச் சொல்லவில்லை. வேலையை விட்டு ஓடிவந்து படுக்கைப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான், அது எனக்குப் பிடிக்காது. வீட்டுச் சாவியைத் தெய்வானையிடம் கொடுத்தேன்.

விழித்தபோது கழுத்தைச் சுற்றிக் கட்டு. தண்ணீர் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். நர்ஸ் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். காற்றுத்தான் வந்தது. கிழிந்த துருத்தி ஊதுவதுபோல.

அன்று சாயந்திரமே மூச்சுத் திணறியதால், என்னைப் படுக்கையோடு நர்ஸ் மேசைக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், ஆவி பிடிக்க வைத்தார்கள். அங்கே பார்வையாளர்களை விடமாட்டார்கள். தெய்வானைக்கு யாரும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவள் கஞ்சித் தூக்கோடு வந்தபோது, நான் படுத்திருந்த மூலையில் வேறொரு கட்டில், அதில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அவள் கணவர் இறந்த அன்றும் அவர் மெத்தையை அப்படித்தான் சுருட்டி வைத்திருந்தார்களாம். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே திரும்பிவிட்டாள்.

உங்களைப் பார்க்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: படுக்கை காலியாக இருந்தால் கேட்க வேண்டும். கேட்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது.

மறுநாள் போகி. அன்று காலை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பெச்சாவில் ஏறி, சாவி வாங்க நேரே தெய்வானை வீட்டுக்குப் போனேன்.

போகியன்று செட்டிகள் வீட்டில் பார்ச்சு நடக்கும். இறந்துபோன முன்னோர் ஒவ்வொருவருக்கும் வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து காத்திருப்பார்கள். உள்ளே முன்னோர் வந்து சாப்பிடுவார்கள். சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து, அந்தச் சாப்பாட்டை இருக்கிறவர்கள் சாப்பிடுவார்கள். நான் போய் இறங்கியபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் இல்லை. என் உடலைக் கேட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைப் புடவை, கழுத்து முழுக்க வெள்ளைக் கட்டு, எலும்பும் தோலுமாக நான். தெய்வானையின் மருமகள் எழுந்து பின்பக்கம் ஓடிவிட்டாள். தெய்வானை ஓடவில்லை. எழுந்து நின்று, கையைக் கூப்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

“காக், கதவை இப்ப நான் திறக்கக்கூடாது. நீ அப்படியே உள்ளே போயிடு. கடைசி இலை உனக்குத்தான்.”

நான் சாகவில்லையடி என்றேன். காற்று வந்தது.

“குரலைக்கூட அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா,” என்று அழத் தொடங்கினாள்.

வேறு வழி தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினேன். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுச் சேவல் கூவியது. அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டியதை எழுத்தில் போட முடியாது. திட்டி முடிக்கும்வரை என் கையை விடவில்லை.

கதவைத் திறந்தார்கள். அவள் மாமியார், மாமனார், கணவர், சின்ன வயதில் போன மகள், எல்லாருக்கும் வரிசையாக இலை. கடைசியில் ஒன்று. நெத்திலிச் சம்பல், தேங்காய்ப்பால் சோறு, எனக்குப் பிடித்த கருப்புப் புட்டரிசி (ஒட்டும் அரிசி) இனிப்பு, வெற்றிலை. ஓரத்தில் ஒரு முழம் மல்லிகை. அவளே கட்டியது. பார்த்ததும் தெரிந்தது, முடிச்சு எல்லாம் கோணல்.

செத்து ஒரு நாள்கூட ஆகாதவளுக்கு, அதுவும் நம் குடும்பத்தில் சேராதவளுக்கு, இலை போடலாமா என்று வீட்டில் கேட்டார்களாம். அவளுக்கு வேறு யார் போடுவார் என்று இவள் கேட்டாளாம். இதை மருமகள்தான் என்னிடம் சொன்னாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன பார்க்கிறே? உன் இலைதானே. நீயே சாப்பிடு,” என்றாள் தெய்வானை.

விழுங்கினால் கழுத்து வலித்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து, வாய்க்கு நாலு பருக்கையாகச் சாப்பிட்டேன். எனக்குப் பிறகு என் பெயரைச் சொல்லி இலை போட ஆள் இருக்குமா என்று நான் பயந்த நாட்கள் பல. அப்படித் தனக்குப் போட்ட இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

அதோடு மனம் அடங்கியது என்று எழுதினால் பொய். உடம்புதான் அடங்கியது. கை நடுங்கவில்லை. நெஞ்சு மெதுவாக நடந்தது. மழைக்குக் குளிர்ந்தது, போர்வை கேட்டது. முன்பு ஒரு மத்தியானம் கண் மூடித் திறப்பதற்குள் போகும். இப்போது சுவரில் வெயில் நகர்வது தெரிந்தது. மல்லிகை பழையபடி முடிச்சில் நின்றது. ஆனால் ஒரு வரி வரவில்லை. பெண்கள் வந்தார்கள், பூக் கட்டினார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், நேரத்தோடு எழுந்து போனார்கள். சிலர் வராமலே இருந்தார்கள்.

சேதி கேட்டு முருகேசன் வந்தான். ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாள் கோபித்தான். மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டான்:

“சிங்கப்பூருக்கே வந்திரும்மா. இங்க இனிமே என்ன இருக்கு?”

திருவிழா முடியட்டும் என்று சைகை காட்டினேன். பாட்டுமில்லை, குரலுமில்லை, திருவிழாவில் எனக்கு என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடி டாக்டரிடம் போனபோது, சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் காட்டிப் பார்த்தார். குரல்நாண் ஒன்று அசையவில்லை என்றார் (தொண்டைக்குள் இரண்டு மடிப்புகள் சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல் வரும்). கொஞ்சம் திரும்பலாம், பழைய குரல் வராது. அப்போதுதான் அவர் காதருகே குனிந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். நான் கட்டிய பாட்டெல்லாம் கழலை கட்டியதா?

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“கழலை உங்களை நித்திரை கொள்ள விடேல்ல, அவ்வளவுதான். இந்த நோய்க்காரர் எத்தனையோ பேரை நான் பாத்திருக்கிறன். முக்கால்வாசிப் பேர் விடிய விடிய வீட்டைக் கூட்டினவை அம்மா. ஒருத்தரும் பாட்டுக் கட்டேல்ல.”

பெச்சாவில் திரும்பி வரும்போது சிரித்தேன், சத்தம் வராமல். சிரிப்பு அடங்கியபிறகு ஒரு வரி வந்தது. முன்பு மாதிரிப் பாய்ந்து வரவில்லை. ஒரு சொல் வந்து நின்றது. வீட்டுக்குள் நுழைந்தபோது அடுத்த சொல். மறுநாள்தான் வரி முடிந்தது. பொறுமையே போய்விடும் போலிருந்தது, ஆனால் அந்த வரி நன்றாக இருந்தது.

யார் பாடுவது? நம் பெண்கள் கூச்சப்பட்டார்கள். தெய்வானை, நான் பாடறேன் என்றாள். உனக்குத் தமிழே தெரியாதே என்றேன். கோவில்ல தேவாரம் பாடறப்ப மட்டும் தமிழ் தெரிஞ்சா பாடறேன்? என்றாள். அது உண்மைதான். சிறுவயதிலிருந்து அர்த்தம் தெரியாமல் சொல் பிசகாமல் சாமிப்பாட்டு பாடிய நாக்கு அவளுடையது. மனப்பாடம் பண்ண நாளில்லை. நான் ஒரு வரியை மூச்சால் அவள் காதில் சொல்வது, அவள் அதை உரக்கப் பாடுவது என்று முடிவு செய்தோம்.

திருவிழா மேடையில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்தோம். முருகேசன் முன்வரிசையில் இருந்தான். தெய்வானையின் தமிழில் மலாய் வாசனை அடித்தது. சில இடத்தில் சனம் சிரித்தது. அழ வேண்டிய இடத்திலும் சிரித்தது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன், அவள் தொடையில் தாளத்தைத் தட்டிக்கொண்டே அடுத்த வரிக்குக் காதைக் காட்டினாள்.

சிங்கப்பூருக்கு நான் போகவில்லை. இப்போதும் மத்தியானத்தில் தெய்வானை வந்து உட்காருகிறாள். குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. என் பாட்டு என்னிடமிருந்து மூச்சாகப் போய், வேறொரு தொண்டையில் ஏறி, என் காதுக்குத் திரும்பி வருகிறது. போய் வர நேரமாகிறது. அந்த நேரத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. முன்பெல்லாம் ஒரு வரியைப் பாடும்போதே அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன், பாடியதை நான் கேட்டதேயில்லை.

இப்போது வரி முடிகிறது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் என் வாயையே பார்க்கிறாள். நான் மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.