தறிச் சத்தத்தில் படித்த ஆங்கிலம்

ஆட்டையாம்பட்டி தறிப்பட்டறையில் எனக்கு அடுத்த தறியில் ஒரு அக்கா வேலை செய்தார். தலையெல்லாம் பஞ்சுத்தூசு. தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. அதனால் செல்போனில் அமெரிக்க அரசியல் நையாண்டி நிகழ்ச்சியைப் போட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படிப்பார். புது வார்த்தைகளைக் நூல் தீர்ந்த காலி அட்டைக் கோன்களில் எழுதி வைப்பார்.

"இங்கிலீஷ் கிளாசுக்குப் போலாமில்லீங்க, அக்கா?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"போனேன் சாமி. ப்ளீஸ், சாரின்னு பணியறதுக்கே சொல்லித் தராங்க. போன்ல வர்ற இந்தாளு நாட்டை ஆள்றவனையே பொய்யன்னு சொல்றான். எனக்கு அந்த வார்த்தை வேணும்."

ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. துணி வாங்க வந்தவர் எங்களைச் சோம்பேறிகள் என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

"தட் இஸ் எ லை, சார்!"

தறிச் சத்தத்தை மீறிப் பேசியே பழகிய அக்காவின் குரல். பட்டறையே அதிர்ந்தது.

கிளாசில் சொல்லித்தந்த 'சாரி'யை அன்று துணி வாங்க வந்தவர்தான் சொன்னார்.