பதினைந்து பழுப்புப் பாட்டில்கள்

அந்த நோட்டை நான் இன்னும் கிழித்துப்போடவில்லை. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "நிறம்: பால் ஊற்றாத டீயைக் கண்ணாடி டம்ளரில் வெயிலுக்கு நேராகப் பிடித்தால் வருவது. கசப்பு: சுண்டைக்காய் வேண்டாம், நார்த்தங்காய்த் தோல். வாசம்: மாங்காய் பறித்த காம்பில் ஒரு துளி பால் வருமே, அது." கவிதை எழுதுகிறவன் பியர் காய்ச்ச இறங்கினால் இப்படித்தான். அளவுக்கு முன்னால் உவமை வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும்.

வீடு கடலூரில். வேலை சிதம்பரத்தில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். தினமும் ரயிலில் போய்வந்து முதுகு விட்டுப்போனதால் சிதம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் எடுத்து, சனிக்கிழமை மட்டும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். மனைவி வடலூர்ப் பக்கத்துப் பெண், வள்ளலார் வழி. எங்கள் அடுப்பில் முட்டைகூட வெந்ததில்லை. ஆகவே இந்த ஆசையை மாடிப் போர்ஷனில் வைத்துக்கொண்டேன். நம் மாநிலத்தில் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம் என்று தெரியும். பத்து லிட்டர்தானே, விற்கப்போவதில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்த வக்கீல் பிற்பாடு வேறொரு வழக்கிலும் எனக்காக வாதாடினான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முளைகட்டிய பார்லியின் சாற்றை வற்றவைத்துப் பொடியாக்கி விற்கிறார்கள். மால்ட் எக்ஸ்ட்ராக்ட். பெங்களூரிலிருந்து கூரியரில் வரும். தானியத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவைக் கசப்புக்கும் வாசத்துக்கும் போட்டு, ஆறவிட்டு ஈஸ்ட் தூவினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். எனக்கு வேண்டியிருந்தது அம்பர் ஏல் என்கிற பியர் வகை. செம்பழுப்பாக, அடியில் கொஞ்சம் பாகின் இனிப்போடு, மேலே ஹாப்ஸ் தூக்கலாக.

ஊற்றிவைக்கப் பாட்டில் வேண்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் பழுப்புப் பாட்டில். மாடிப்படியைக் கூட்டி, மூன்று போர்ஷன்களுக்கும் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"பழைய பாட்டில் கெடைக்குமாக்கா? பழுப்புல, பெருசா."

"எத்தினி?"

"பதினஞ்சு."

"எதுக்கு சார்?"

"கஷாயம் போட்டு வைக்க."

"பதினஞ்சு பாட்டில் கஷாயமா. அப்பிடி என்னா சார் ஒடம்புக்கு?"

சிரித்து மழுப்பினேன். மறுநாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாக்கில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் இஸ்திரி வண்டி. கண்ணாடி மோதும் சத்தம் கேட்டு இஸ்திரிக்காரர் தலையைத் தூக்கினார்.

"என்னாக்கா, கடை தெறக்கப் போறியா? சொல்லு, மொத போணி நான்தான்."

"ஒன் வாயில அந்தப் பொட்டிய வெச்சித் தேய்க்க."

மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தேன். கீழே வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டு ஓனர் சிரிக்கவில்லை. சாக்கு படியேறி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் காய்ச்சல் தோல்வி. நிறம் வரட்டும் என்று கேரமல் மால்ட் என்கிற வறுத்த முளைப்பார்லியை அரைக்கிலோ ஊறவைத்தேன். எக்ஸ்ட்ராக்ட் முழுவதையும் சின்னப் பாத்திரத்தில் தொடக்கத்திலேயே கொட்டி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கருப்பட்டிப் பாகு. ஹாப்ஸ் அதில் எங்கேயோ மூழ்கிச் செத்திருந்தது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். கேரமல் மால்ட் கால் கிலோ போதும். எக்ஸ்ட்ராக்ட் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் கொஞ்சம். அதில் பாதி முதலில், மீதி கடைசிப் பத்து நிமிடத்தில். அப்போதுதான் கறுக்காது. ஹாப்ஸில் ஒரு சிட்டிகை முதலிலேயே, அது கசப்புக்கு. பெரும்பங்கு அடுப்பை அணைக்கிற நேரத்தில், வாசத்துக்கு. ரசத்துக்குக் கொத்தமல்லி எப்போது போடுவோம்? நுரை கட்டியதும் போட்டு இறக்கிவிடுவோம் இல்லையா. இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதமும் பத்து லிட்டரும் ஆனது.

இரண்டாவது காய்ச்சல் மார்கழியில். இந்த ஊரில் ஈஸ்ட்டுக்குக் கொஞ்சமாவது இரக்கம் காட்டுகிற மாதம் அது ஒன்றுதான். குளியலறையில் அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, நடுவில் மூடிய பக்கெட்டை வைத்து, மேலே ஈர லுங்கியைப் போர்த்தினேன். மூடியில் ஒரு குழாய். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று வெளியேறி, ப்ளக் என்று ஒரு குமிழ் உடையும்.

மூன்றாம் நாள் காலை பாத்திரம் எடுக்க வந்த அக்கா குளியலறை வாசலில் நின்றுவிட்டார்.

"ஊறல் போட்டிருக்கீங்களா சார்?"

ஊறல் என்பது சாராயம் காய்ச்சுவதற்கு முன்னால் வெல்லமும் பட்டையும் பானையில் புளித்துக் கிடப்பது. அவருடைய அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆற்றோரத்தில் ஊறல் போட்டு ஜெயிலுக்குப் போனவர் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

"இல்லக்கா. இது பியர். வேற."

"வேறதான். வாசன ஒண்ணு."

குனிந்து லுங்கியின் நுனியை இழுத்து டப்புத் தண்ணீரில் தொடவிட்டார். "இப்பிடித் தொட்டுட்டே இருக்கணும். தண்ணிய அதுவா ஏத்திக்கும், சில்லுன்னு இருக்கும். சும்மாப் போத்துனா ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்." எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டார். "கீழ தெரியாமப் பாத்துக்குங்க. ஐயா வெரதம்."

அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தது நான்தான். அந்த வாரமே பாட்டில்கள் காலியாக வேண்டும் என்று, பாகாய்ப் போன முதல் காய்ச்சலை ஒரு விடியற்காலையில் குளியலறையிலேயே கொட்டினேன். மாடித் தண்ணீர் வாசல் சாக்கடைக்குத்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பழுப்பு நுரை பொங்கிக்கொண்டு போய், பூசணிப் பூ வைத்த கோலத்தின் ஓரத்தில் நின்றது. ஓனர் மேலே வந்தார். நெற்றியில் விபூதி ஈரம் காயவில்லை. நான் குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"சாக்கடையில நொரயா வருது சார். வாசனையும் ஒரு மாதிரியா இருக்கு. கோலம் போட்ட எடம்."

"அப்படியா சார்?"

"அந்தம்மா அன்னிக்குச் சாக்குல பாட்டில் ஏத்திச்சே. மொட்டமாடியில எதாச்சும் வெச்சி ஊத்துதா? அப்பங்காரன் பழக்கம் எங்க போவும்."

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாட்டில் எனக்குத்தான் சார். மூன்றே வார்த்தை. சொன்னால் வீடு போகும். அலுவலகத்துக்குத் தெரியும். கடலூர் வரை போகும். உள்ளே பக்கெட் ஒருமுறை ப்ளக் என்றது.

"தெரியல சார். நான் காலையில போனா ராத்திரிதான் வர்றன்."

இந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டாவது உண்மை. அதன் முதுகுக்குப் பின்னால் முதல் வாக்கியம் ஒளிந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் சொற்களை எடைபோட்டுப் பழகியவனுக்கு அந்த வேலை எவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்த நாளிலிருந்து அக்கா வரவில்லை; ஓனர் நிறுத்திவிட்டார். அந்தப் பதினைந்து பாட்டில்களைக் கழுவி இரண்டாவது காய்ச்சலை ஊற்றினேன். தை பிறந்து திறந்தபோது, எழுதிய நிறம் அப்படியே இருந்தது. நுரைக்கு மேலே நார்த்தை, கீழே மெல்லிய பாகு, விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் நின்று பேசுகிற கசப்பு. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. பதினைந்தையும் நானே குடித்தேன்.

ஒரு சனிக்கிழமை கடலூர் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே அக்கா. கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"நல்லா வந்துச்சா சார்?"

"என்னதுக்கா?"

"அதான், ஒங்க கஷாயம்."

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு. அதை ஏனோ எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா வந்துச்சிக்கா."

"துணிய தண்ணியில தொட உட்டீங்களா?"

"உட்டேன்."

"அப்ப வரும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல சார். எம் பொண்ணு ஒங்க தெரு வழியாத்தான் டியூசனுக்குப் போவும். சாராயக்காரி பொண்ணுன்னு எவனோ சொல்லிட்டானாம். இப்ப சுத்திக்கிட்டுப் போவுது. நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"திங்கக்கெழம சொல்லிடுறன்க்கா."

அவர் தலையாட்டினார். என் மேல் கோபம் இருந்ததா என்று அந்த முகத்தில் தேடினேன். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வந்தது. அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. ஒருநாள் ஓனருக்கு ஜுரம், ஒருநாள் அவர் வீட்டில் விருந்தாளிகள், ஒருநாள் எனக்கே தலைவலி. வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தான். மாசி கடைசியில் கடலூர் கிளைக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றி, சாவியை ஓனர் கையில் கொடுத்த பிறகு, இனி எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றான பிறகு, சொன்னேன்.

"சார், அந்தப் பாட்டில் அந்தம்மாவுது இல்ல. எனக்காக எடுத்தாந்தது. நொரையும் என்னுதுதான்."

அவர் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான் மேல வந்து நின்னப்பவே உள்ள கொப்புளிக்கிற சத்தம் கேட்டுச்சி சார்."

"அப்பறம் ஏன் சார்?"

"நீங்க படிச்சவங்க. கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சி. நீங்களும் தெரியலன்னுட்டீங்க." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வேற ஆளு போட்டாச்சி சார்," என்றார்.

கோபப்பட எனக்கு வாய் இல்லை. இரண்டு ஆண்கள் ஒரு கதவின் இரண்டு பக்கமும் நின்று அந்தக் குமிழின் சத்தத்தைக் கேட்டிருக்கிறோம். யார் தலையில் இறக்கினால் நமக்குச் சிரமமில்லை என்று ஒரு வார்த்தை பேசாமலே முடிவும் செய்திருக்கிறோம்.

சாமான் வண்டியை முன்னே அனுப்பிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தேன். இஸ்திரிக்காரர் ஒரு வேட்டியை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக்கா அன்னிக்கு எடுத்தாந்த பாட்டில் எனக்குத்தான்பா. நான்தான் வாங்கியாரச் சொன்னன். அவங்க மேல ஒண்ணும் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியை வேட்டியின் மேல் வைத்தார். ஆவி எழுந்தது.

"எந்தக்கா சார்?"

சொன்னேன். "ஓ, அதா," என்றார். "அது அப்பவே போயிருச்சே சார். இப்ப எதுக்கு அத?"

"நாலு பேருகிட்டச் சொல்லுங்க."

"சொல்றன் சார்," என்று வேட்டியைத் திருப்பிப் போட்டார்.

சொன்னாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் எல்லா அளவும் சரியாக இருக்கிறது. யார் காய்ச்சினாலும் வரும். ஓரத்தில் ஒரு வரி மட்டும் பிறகு சேர்த்தது: "துணியின் நுனி தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்." யார் சொன்னது என்று எழுதவில்லை. அக்காவின் பெண் இப்போதும் டியூஷனுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறாளா என்று கேட்க, அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசல் வரை ஒருமுறை போனேன். உள்ளே பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.