ஏழாம் கதவும் டாக்டரம்மாவும்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஊசி போடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். எங்கோ எடுத்து, இங்கே தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பான ஒரு விண்வெளித் தொடரில் டாக்டராக வரும் பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள் அவள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் இருமல் என்றும் இடுப்பு வலி என்றும் சொல்லிக் கேலி செய்வார்கள். அவளும் சட்டென்று அந்தக் குரலுக்கு மாறி, "முதல்ல கப்பலை விட்டு இறங்குங்க, அப்புறம் மருந்து தர்றேன்" என்பாள். பல வருஷம் யார் யாருடைய முகங்களுக்கோ வாய் அசைவு பார்த்துப் பேசியே பிழைத்தவள். இந்தச் சின்னப் புகழ் அவளுக்குப் பிடித்திருந்தது.

தொடரின் கதை இதுதான். பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு கப்பலில் ஆறு பேர், ஏழு அறைகள். ஏழாவது அறை ஆரம்பத்திலிருந்தே பூட்டிக் கிடக்கிறது. சாவி டாக்டரிடம் மட்டும். இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சியில், மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, டாக்டர் தனியாகப் போய் அந்தக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பார்க்கிறாள். "நீ இங்க இருக்கக் கூடாதே" என்கிறாள். அத்தோடு திரை இருண்டுவிட்டது. உள்ளே இருந்தது யார் என்று காட்டவே இல்லை.

பார்த்தவர்களுக்குத் தலை வெடித்தது. காய்கறிக் கடையில், பள்ளிக்கூட வாசலில், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்த நேரத்தில்கூட அவளிடம் கேட்டார்கள். தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஆனால் அவளுக்கு நிஜமாகவே தெரியாது. கதை வெளியே போய்விடக் கூடாது என்று, டப்பிங்குக்கு வரும் படத்தைக் கறுப்படித்துத்தான் அனுப்புவார்கள். திரை முழுக்கக் கும்மிருட்டு. பேசுகிற முகம் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். கதவு திறந்தபோது அவள் கண்டதெல்லாம் டாக்டரின் வாயும் பாதி மூக்கும்.

ஒரு மாலையில் முதல் போன் வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆண் குரல். நிதானமாக, மரியாதையாகப் பேசியது.

"அந்தக் கடைசி வசனத்துக்கு முன்னாடி நீங்க மூச்சை உள்ள இழுத்தீங்க. அசல்ல அந்த மூச்சு இல்ல. நான் ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேட்டுட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். தமிழில் வாக்கியம் கொஞ்சம் நீளம், மூச்சு போதவில்லை, அதுதான் விஷயம் என்றாள். அந்தக் குரல் சிரிக்கவில்லை.

"இல்ல. உள்ள இருக்கறவரப் பார்த்து நீங்க பயந்தீங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

யாரோ விளையாடுகிறார்கள் என்று அவள் துண்டித்துவிட்டாள். மறுநாளும் அதே குரல். அடுத்த நாளும். எண்ணைத் தடுத்தால் வேறொரு எண்ணிலிருந்து வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, மிரட்டல் கிடையாது. அந்த ஒரே கேள்வி. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிற ஆள். உனக்கும் ஒரு ரசிகன் கிடைத்தானே, சந்தோஷப்படு என்றான். போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் ஏட்டு எழுதிக்கொண்டாள். மிரட்டினால் உடனே சொல்லுங்கள், அதுவரை நம்பரை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். இவள் எழுந்திருக்கும்போது அந்த ஏட்டும் குரலைத் தாழ்த்தி, "ஆமா, உள்ள யாருதான் மேடம்?" என்று கேட்டாள்.

நம்பரை மாற்றினால் வேலை போய்விடும். அவளுக்கு வாய்ப்பெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மறுபடி கூப்பிட்டான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். தெரியாது என்றாள். பிறகு அக்கறையோடு ஒன்று சொன்னான்.

"பாப்பாவை டிவி கிட்ட உக்கார விடாதீங்க. இடது கண்ணுலதான் பவர் ஜாஸ்தி."

மகள் அந்த நிமிஷம் கூடத்தில் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. டாக்டரம்மா ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினாள். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களை எல்லாம் பார்த்தாள். எந்த ஜன்னலில் அவன் இருக்கிறான்? போன் இன்னும் காதிலேயே இருந்தது. அவன் காத்திருந்தான், மூச்சு கேட்டது.

அப்போதுதான் அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"தங்கச்சி. டாக்டரோட தங்கச்சி. செத்துட்டான்னு முதல்ல சொன்னாங்கல்ல, அவதான். போதுமா?"

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு. "நான் அப்படித்தான் நெனச்சேன். ரொம்ப நன்றிங்க" என்று அவன் வைத்துவிட்டான்.

அதன் பிறகு போன் வரவே இல்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. ஒரு பொய்யில் இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள். கணவனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது சீசன் வந்தது. டப்பிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். கறுப்புத் திரை, நடுவில் வட்டம், வட்டத்துக்குள் டாக்டரின் வாய். தாங்கியில் இருந்த வசனத்தாளைப் பார்த்தாள். ஏழாவது அறைக்குள் இருப்பவரிடம் டாக்டர் பேசுகிற இடம் அது: "பைலட், நீ அங்க சாப்பிட்டுட்டு இருக்க. அப்ப இங்க இருக்கறது யாரு?"

தங்கை இல்லை. பைலட். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பைலட், பூட்டிய அறைக்குள் இன்னொருவனாக.

கதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று மனசுக்குள் ஒரு மூலையில் தோன்றியது. மீதி மனசெல்லாம் உறைந்துபோயிருந்தது. இது ஒளிபரப்பாகும் அன்று, தான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியாது என்று சொன்னபோதே விடாத ஆள், ஏமாற்றியவள் என்று தெரிந்தால் என்ன செய்வான்?

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தாள், தொண்டையைக் கனைத்தாள், மறுபடி முயன்றாள். "பைலட்" என்ற சொல் பாதியில் உடைந்தது. டப்பிங் டைரக்டர் நல்ல மனிதர். சளியாக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் குரல் வரவில்லை. குரலை நம்பிச் சாப்பிடுகிறவளுக்குக் குரலே கைவிட்டால் எங்கே போவாள்? வீட்டில் மகளைச் சாப்பிடக் கூப்பிடக்கூட மேசையைத் தட்ட வேண்டியிருந்தது.

அப்போதுதான் கணவன் பயந்தான். தன் அக்காவை வரவழைத்தான். டாக்டரம்மாவின் நாத்தனார் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். கூட்டத்துக்குள் ஏறியவுடன் டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா கிசுகிசுத்த குரலில் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய் சொன்னதையும் சொன்னாள். கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாத்தனார் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"இடது கண்ணுன்னு சொன்னானா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பாப்பா கண்ணாடி போட்டிருக்கான்னு ரோட்டுல போற யாரும் சொல்லலாம். எந்தக் கண்ணுல ஜாஸ்தின்னு எனக்கே தெரியாது, அவளுக்கு அத்தை நான். வேற யாருக்குத் தெரியும்?"

கண்ணாடிக் கடை. டாக்டரம்மாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. கவுன்டரில் நின்று மகளுக்கு ஃப்ரேம் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரர் கேட்டார் என்று, டாக்டர் குரலில் ரெண்டு வசனம் பேசிக் காட்டியிருந்தாள். கடைக்காரர் சிரித்தார். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் சட்டென்று நின்றது. பில்லுக்காகப் பெயரும் முகவரியும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தானே கொடுத்தது.

மறுநாள் காலையில் மூன்று பேரும் போனார்கள். வழியெல்லாம் கணவன் கையை முறுக்கிக்கொண்டே வந்தான். அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று நாத்தனார் சொல்லியபடியே வந்தாள். கடைக்காரரிடம் நாத்தனார் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. பின்னறைக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

உள்ளே இருந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. புருவத்திலெல்லாம் கண்ணாடித் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பெரிய மனிதர் வீட்டுக்கு வந்ததுபோல. ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். தான் செய்ததை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க, தங்கச்சிதான்னு. இணையத்துல எங்க குழுவுல யாரும் நம்பல. வரட்டும், பாக்கட்டும்" என்றான். முகம் மலர்ந்திருந்தது.

பல நாளாக வராத குரல் அப்போது அவளுக்கு வந்தது. அவளுடைய சொந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"அது பொய்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. என் பொண்ணு கண்ணைப் பத்திப் பேசினீங்க. பயத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"பயமா? என்கிட்டயா?" என்றான். திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தான், அவளுடைய கணவனைப் பார்த்தான். அறையில் தவறான ஆள் யாரோ இருப்பதுபோல, அது யார் என்று தேடுகிறவன்போல இருந்தது அந்தப் பார்வை. "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன். பாப்பாவுக்கு லென்ஸ் தேய்ச்சதே நான்தான்."

நாத்தனார் ஒரு அடி முன்னால் வைத்தாள். இனி ஒரு போன், ஒரு குறுஞ்செய்தி வந்தாலும் நேரே போலீஸ்தான், அந்த ஏட்டின் பெயரும் தெரியும், கடையின் பெயரும் தெரியும் என்று, அபராதம் போடுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்திருந்தது. மன்னிச்சுக்குங்க என்று முனகினான். கடைக்காரர் அவனை இன்றே வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகக் கொதித்தார்.

டாக்டரம்மா அவசரமாக வேண்டாம் என்றாள். எல்லோரும் அதை அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் நினைத்ததோ வேறு: வேலை இல்லாவிட்டால் அவனுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் அவன் குரல் கேட்டது. மெதுவாக, அடக்க முடியாமல்.

"அப்ப நெசமா யாருங்க?"

யாரும் திரும்பவில்லை.

அடுத்த நாள் அவள் டப்பிங் அறைக்குப் போனாள். பைலட் வசனம் இரண்டாவது டேக்கிலேயே சரியாக வந்தது. ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பூட்டிய அறைக்குள் பைலட்டின் முகம் தெரிந்ததும் மகள் அலறிக்கொண்டு அத்தையின் மடியில் விழுந்தாள். டாக்டரம்மா திரையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. அடிக்காமல் இருந்தது அவளுக்கு நிம்மதி தரவில்லை. கோபமாக இருக்கிறானா, அழுகிறானா, மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறானா என்று தெரியாத மௌனம் அது. கணவன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தான். அவள் கேட்காமலேயே.

அவன் வரவில்லை. பிறகும் வரவில்லை. கடைக்காரர் அவனைக் கணக்கில் கண்டிப்பான தன் அண்ணனுடைய கடைக்கு, ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டதாகத் தகவல் சொன்னார். ஊர் முழுக்க இப்போது வேறு கேள்வி: இரண்டு பைலட்டில் நிஜமானவன் யார்? அதற்கு அந்த சீசன் முடியும்வரை பதில் சொல்லவில்லை. நாலாவது சீசனுக்கும் டாக்டரம்மாவையே கூப்பிட்டார்கள். யோசிக்க ஒரு நாள் கேட்டாள், பிறகு ஒத்துக்கொண்டாள். அந்த டாக்டரை வேறொருத்தி குரலில் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் வெளியே அவள் பேசுவதில்லை. பேருந்தில் மகள்தான் டிக்கெட் கேட்கிறாள். மாடிப்படியில் கேலி செய்கிறவர்களுக்குப் புன்னகை மட்டும். சென்ற வாரம் ஒரு மின்சாமான் கடையில் பல்பு வாங்கப் போனாள். தட்டில் இருந்ததைக் கைகாட்டினாள், ஒன்று என்று விரலை நீட்டினாள். புதுக் கடைக்காரர், இளகிய மனசுக்காரர். வாய் பேச முடியாதவள் என்று நினைத்துவிட்டார். பல்பை மாட்டி எரியவைத்துக் காட்டினார், கையாலேயே விலை சொன்னார், பத்திரமாகக் கொண்டுபோங்கள் என்று இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காட்டினார். அவளும் பதிலுக்குக் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு, பல்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.